ஆம்பிளிஃபயருக்குப் போட்ட பொன்னாடை

அப்பாவின் நான்கு ஸ்பீக்கர்களுக்கும் பசி அதிகம். இதை நானாகச் சொல்லவில்லை, அப்பாவே சொல்வார்.

அப்பாவின் பெயர் சேதுராமன். தெங்கேரா என்ற வட்டாரத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டினார். கொட்டகைக்குப் புதிய ஸ்பீக்கர்கள் வந்தபோது, பழைய நான்கையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம் இருக்கும். காஜா பேராங் தெருவில் இருந்த எங்கள் சின்ன வீட்டுக்குள் அவை நுழைந்த பிறகு, நாங்கள் பக்கவாட்டில்தான் நடந்தோம். அம்மா தினமும் முழங்காலை இடித்துக்கொள்வாள். ஸ்பீக்கரைத் திட்டுவாள், கூடவே அப்பாவையும் சேர்த்துத் திட்டுவாள்.

"கோகிலா, ஆம்பிளிஃபயர்தான் சமையல்காரன். ஸ்பீக்கர் சாப்பிடுற ஆளு," என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "இதுங்க நாலும் நல்லாச் சாப்பிடும். சமையல்காரன் நோஞ்சானா இருந்தா படுத்துருவான்."

"சாப்பிட யாருமே இல்லாம சமைச்சா?"

"பானை கருகிரும். ஆம்பிளிஃபயர் ஓடும்போது ஒரு ஸ்பீக்கராவது மாட்டியிருக்கணும். மறந்துராதே."

வீட்டில் அப்பா இப்படி நிறையப் பேசுவார். வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கமாட்டார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

1957 ஆகஸ்ட் மாதம். எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் பொன்னுதுரை வீட்டுக்கு வந்தார். பெரிய அரிசிக்கடைக்காரர். அவர் நடந்து வந்தால் அவருடைய வயிறு முதலில் வரும், அவர் பிறகு வருவார்.

"சேது, முப்பத்தொண்ணாந்தேதி காலையில சுதந்திரம். கோலாலம்பூர்லேருந்து ரேடியோல நேரடியா சொல்றாங்க. சங்க மண்டபத்துல நாலு பக்கமும் உன் ஸ்பீக்கரை வெப்போம். ஊரே கேக்கட்டும்!"

அவர் போன பிறகும் அப்பாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"எத்தனையோ பேர் வசனம் பேசினதை இந்த ஸ்பீக்கர்ல கேட்டுட்டேன்," என்றார். "நம்ம நாட்டுக்கு விடுதலைன்னு சொல்றதையும் இதுலயே கேட்டுரணும், கோகிலா. அது ஒரு தடவைதான் வரும்."

ஆம்பிளிஃபயர் வாங்கப் பொன்னுதுரையோடு அப்பாவும் நானும் ஜெய்னுலாப்தீன் பாயின் ரேடியோ கடைக்குப் போனோம். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று புத்தம் புதியது. பால் நிறப் பெட்டி, தங்க நிறத் திருகுகள், நடுவில் பச்சை விளக்கு. இன்னொன்று வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன கறுப்பு இரும்புப் பெட்டி. அதை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும்.

பாய் புதியதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். பாட்டு தேனாக ஒலித்தது.

"ஆகா! இதுதான் வேணும்," என்றார் பொன்னுதுரை.

"நாலையும் மாட்டினா தாங்குமா?" என்று நான் கேட்டேன்.

"புள்ள சரியாத்தான் கேக்குது தலைவரே," என்றார் பாய். "ஒரு ஸ்பீக்கருக்குன்னா இது போதும். இந்த நாலுக்கும் அந்தக் கறுப்புதான் தாங்கும். விலை ரெண்டும் ஒண்ணுதான்."

பொன்னுதுரை மூக்கைச் சுளித்தார். "வெள்ளைக்காரன் போற நாள்ல வெள்ளைக்காரன் இரும்பையா மேடையில வெக்கிறது? பாக்கிறவன் சிரிக்கமாட்டான்?"

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா," என்று நான் அவர் சட்டையை இழுத்தேன்.

"கறுப்பு... கொஞ்சம் பலமா இருக்கும்," என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சேது, ஸ்பீக்கர் குடுத்தே, சந்தோஷம். மத்ததை நாங்க பாத்துக்கிறோம் லா."

அப்பா தலையாட்டினார். வீடு வரும்வரை நான் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். பொன்னுதுரை மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதிக் கோபம் அப்பா மேல்.

முப்பதாம் தேதி ஸ்பீக்கர்களை மாட்டினோம். அப்பா ஒவ்வொரு ஒயரிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டினார். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் மண்டபத்துக்குள். பச்சை, எங்கள் வீட்டுப் பாதையைப் பார்த்த ஜன்னலுக்கு. பத்து நிமிடம் பாட்டுப் போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

"பாத்தியா?" என்று பொன்னுதுரை என்னைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் காலை ஊரே பசியாறிவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியின் பிள்ளைகள் மலாய் மொழியில் கத்திக்கொண்டு முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்பிளிஃபயருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகை மாலை. போதாததற்கு, ஜரிகை வைத்த ஒரு பொன்னாடையையும் இறுக்கமாகப் போர்த்தியிருந்தார்கள். பச்சை விளக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"பின்னால காத்துப் போக ஓட்டை இருக்கு. அதை மூடிட்டாங்களே," என்று அப்பா என் காதில் சொன்னார்.

"அவர்கிட்ட சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நானே போய்ச் சொன்னேன்.

"கோயில்ல பூசை பண்ணிப் போர்த்தினது," என்றார் பொன்னுதுரை. "நல்ல நாளும் அதுவுமா எடுக்கச் சொல்றியே! போய் உக்காரு."

ரேடியோவைப் போட்டார்கள். கோலாலம்பூரில் மழை, விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தது. அணைத்து வைத்திருக்கலாம். யார் கேட்டார்கள்? பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் கரகரத்தது. பிறகு சளி பிடித்த ஆள் பேசுவது மாதிரி ஆனது. விழா தொடங்கியபோது யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது.

பொன்னுதுரை எழுந்து நின்று விரலை நீட்டினார்.

"எல்லாம் இவனாலதான்! கொட்டகைக்காரன் தூக்கிப் போட்ட ஓட்டை ஸ்பீக்கரைக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டான்!"

எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடையிலிருந்து கருகல் வாசனை அடித்தது. எரியட்டும் என்று நினைத்தேன். நன்றாக எரியட்டும். அப்போதுதான் எது ஓட்டை என்று இவர்களுக்குத் தெரியும்!

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா எங்கள் பாதையில் தலையைக் குனிந்தபடி மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அது ஒரு தடவைதான் வரும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது அவர் அதைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தார்.

நான் மேடைக்கு ஓடினேன். பொன்னாடையைப் பிடித்து இழுத்தேன். மாலையும் சேர்ந்து வந்து விழுந்தது. பெட்டியின் பின்பக்கம் அடுப்பு மாதிரி கொதித்தது.

"ஏய்! பிடிங்க அந்தப் பொண்ணை!" என்று பொன்னுதுரை கத்தினார்.

நான்கையும் கழற்றக் கூடாது, பானை கருகிவிடும். ஒன்று இருக்க வேண்டும். எந்த ஒன்று என்று நான் யோசிக்கவே இல்லை. சிவப்பு நூல் கட்டிய ஒயரைப் பிடித்து இழுத்தேன். மஞ்சளை இழுத்தேன். வெள்ளையை இழுத்தேன். பச்சையை விட்டுவிட்டேன்.

மண்டபத்துக்குள் சத்தம் நின்றது. ஜன்னல் ஸ்பீக்கர் மட்டும் ஒரு முறை செருமியது. பிறகு கோலாலம்பூரின் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக வெளியே பாய்ந்தது.

எல்லோரும் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். பொன்னுதுரையும் என்னை விட்டுவிட்டு ஓடினார். நான் ஒரு நாற்காலி மேல் ஏறிப் பார்த்தேன். பாதையில் அப்பா நின்றுவிட்டார். திரும்பினார்.

"மெர்டேக்கா!" என்றது ஸ்பீக்கர். மலாய் மொழியில் விடுதலை என்று அர்த்தம். "மெர்டேக்கா!" என்று கூட்டம் பதிலுக்கு முழங்கியது. ஸ்பீக்கர் ஏழு முறை சொன்னது, ஏழு முறையும் முழங்கினார்கள். அப்பா பாதை நடுவில் அசையாமல் நின்று கேட்டார். கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு யாராவது நன்றி சொன்னார்களா? அதுதான் இல்லை. அப்பாவிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? அதுவும் இல்லை. "நம்ம தலைவர் வாங்கின ஆம்பிளிஃபயர் கடைசியில சமாளிச்சிருச்சு பாத்தீங்களா!" என்று சங்கச் செயலாளர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் கீழே கிடந்த அதே பொன்னாடையை எடுத்து உதறி, பொன்னுதுரைக்குப் போர்த்தினார்.

பொன்னுதுரை நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். பொன்னாடையில், சரியாக முதுகுக்கு நடுவில், கருகிய பழுப்பு வட்டம் ஒன்று இருந்தது. அவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்பா கைவண்டியோடு வந்தார். நானும் அவரும் ஸ்பீக்கர்களை ஏற்றினோம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

"பச்சையை மட்டும் ஏன் விட்டே?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க அந்தப் பக்கம்தானே போனீங்க."

அப்பா கயிற்றை இறுக்கிக் கட்டினார்.  அப்போது பொன்னுதுரை அங்கே வந்தார்.

"எங்க சேது தள்ளிட்டுப் போறே? இங்கேயே இருக்கட்டும். தீபாவளிக்கு வேணும் லா."

அப்பா வழக்கம்போலத் தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இல்லைங்க," என்றார் அப்பா. சத்தமாகத்தான் சொன்னார். மண்டபத்தில் நாற்காலி அடுக்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "என் ஸ்பீக்கர் ஓட்டை இல்லை. பாய் கடையில இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியை என்னைக்கு இங்க கொண்டாறீங்களோ, அன்னைக்கு இதுங்களும் வரும்."

பொன்னுதுரை முகம் சிவக்கத் திரும்பி நடந்தார். பழுப்பு வட்டமும் அவருடனே போனது. நானும் அப்பாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா மறுபடியும் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

தீபாவளி வந்தது. சங்க மண்டபத்துக்குக் கறுப்புப் பெட்டி வரவில்லை. எங்கள் ஸ்பீக்கர்களும் போகவில்லை.