பஞ்சுக்காது

வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததுமே புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. கணவன் ஜன்னல்களைத் திறந்துவிட்டான். அவள் சமையலறை மேஜையைத் துடைத்து மடிக்கணினியை வைத்தாள். பாதியில் படுத்துக்கொண்ட தன் நாவலை எப்படியாவது எழுப்பி உட்கார வைக்கத்தான் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

அந்த வாரமே ஓர் ஆள் கிடைத்தார். நாவலில், நாயகியின் வீட்டில் வந்து ஒண்டிக்கொள்ளும் கிழவர். முதலில் அவருக்கு இருமல் மட்டும் கொடுத்தாள். போதவில்லை. வலது காதில் சீழ் வைத்தாள். அதில் பஞ்சை அடைத்தாள். ஊறிய பஞ்சை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கண்ட இடத்தில் ஒட்டிவைக்கும் பழக்கத்தையும் கொடுத்தாள். பஞ்சுக்காது என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. எழுதும்போதே அவளுக்குக் குமட்டியது. குமட்டக் குமட்ட நாவல் ஓடியது.

"மேடம், கிழவர் வந்த பிறகுதான் கதைக்கு உயிரே வந்திருக்கு. அவரை விட்டுடாதீங்க," என்றார் பதிப்பாளர் போனில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, தலையணையைத் திருப்பிப் போட்ட கணவன் கையை உதறினான்.

"என்ன கருமம் இது?"

மஞ்சளாக ஊறிய பஞ்சு. அவன் விரலோடு நூல் நூலாக நீண்டு வந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எழுத விடமாட்டான்.

பிறகு அவளுடைய சீப்பில் ஒன்று. மேஜைக்கு அடியில், கை படும் இடத்தில், வரிசையாகப் பல. இன்னும் வெதுவெதுப்பாக.

அப்போதும் எழுதினாள்.

ஒரு மதியம் தண்ணீர் குடிக்கும்போது நாக்கில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

துப்பினாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்புளித்துவிட்டு நேரே மேஜைக்கு வந்து, அடுத்த அத்தியாயத்திலேயே கிழவரைச் சாகடித்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று.

சாயங்காலத்துக்குள் வீடு நாறத் தொடங்கியது. தித்திப்பும் அழுகலும் கலந்த நாற்றம், தொண்டைக்குள் இறங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டது. கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரி, பரண், சாக்கடை மூடி எல்லாம் தேடினான். செத்த எலிகூட இல்லை. ஈக்கள் மட்டும் அவள் எழுதும் மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியை மொய்த்துக்கொண்டிருந்தன.

காலி நாற்காலிதான். ஆனால் ஈக்கள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் வடிவத்தில் மொய்த்தன.

"ஏங்க... அது நான் எழுதின ஆளு," என்று கிசுகிசுத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "அழிச்சிடு. ஒரு எழுத்து விடாம அழி."

அழித்தாள். பதிப்பாளரிடம் இருந்த பக்கங்களையும் அழிக்கச் சொன்னாள். பெற்ற பிள்ளையைக் கைகழுவியதுபோல இருந்தது. ஈக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அன்றே வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அங்கே எந்த வாடையும் இல்லை. கணவன் குளிக்கப் போனான். அவளுக்கு வெகுநாள் கழித்துப் பசித்தது. தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. பதிப்பாளர்தான்.

"அழிச்சுட்டேன் மேடம். மனசே வரலை. ஆமா... யாரு அது, உங்க பக்கத்துல சப்புக்கொட்டிச் சாப்பிடுறது?"

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவள் மெதுவாகக் குனிந்து தட்டைப் பார்த்தாள். ரொட்டியின் ஒரு மூலை கூழாகி, எச்சில் வழிந்து கிடந்தது. கடித்த தடம் இல்லை. வெறும் ஈறால் குதப்பிய தடம்.

கிழவருக்குப் பல் உண்டா இல்லையா என்று அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.