வஞ்சமானி இறங்கினால் விடுதலை

திரையில் கொக்கு குமரேசனின் முகம் வந்ததும் டெல்லிபாபுவின் மணிக்கட்டில் கட்டியிருந்த வஞ்சமானியின் முள் விருட்டென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"மூச்ச விடு டெல்லி. சொல்லிக் குடுத்த மாதிரி மெதுவா விடு," என்றாள் கோமளவல்லி.

"விட்டுகினுதான் கீறேன் மேடம். அந்த மூஞ்சியப் பாத்தாலே வயிறு எரியுது. நான் இன்னா பண்றது?"

கொருக்கைமேடு தணிப்பு நிலையத்தில் தினமும் காலையில் நடக்கும் கூத்து இது. இதற்கு 'முகம் காட்டுதல்' என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொருவனுக்கும் அவனவன் எதிரியின் படத்தைக் காட்டுவார்கள். வியர்வையையும் நாடித்துடிப்பையும் ரத்தத்தில் ஊறும் சுரப்புகளையும் படித்து, இவன் மனதில் எவ்வளவு பழி பாக்கியிருக்கிறது என்று வஞ்சமானி சொல்லிவிடும். சாதாரணக் கோபத்துக்கு அது அசையாது. கொலைவெறிக்குத்தான் ஏறும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மாலை போட்டு வெளியே அனுப்புவார்கள். இறங்காவிட்டால் கிடக்க வேண்டியதுதான், எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

டெல்லிபாபு யாரையும் தொட்டதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் அண்ணன் தனசேகரை மீன் ஏலக்கூட வாசலில் குமரேசன் வெட்டிப்போட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வஞ்சமானியோடு வந்த தணிப்புப் படை, அழுதுகொண்டிருந்த தம்பியின் கையில் அதைக் கட்டிப் பார்த்து அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டது. வெட்டிய குமரேசனும் இங்கே வந்தான். வழக்கு ஒரு பக்கம் நடக்கும்; ஜாமீன் உண்டா இல்லையா என்பதை வஞ்சமானிதானே சொல்கிறது? கொன்று முடித்தவனுக்கு ஏது வஞ்சம்? அவன் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அவன் வெளியே, இவன் உள்ளே. என்ன நியாயமோ, கண்றாவி.

கோமளவல்லிக்கு இதெல்லாம் உறுத்தாமல் இல்லை. ஆனால் அவள் இந்த நிலையத்தின் மூத்த தணிப்பாளர். எத்தனையோ பேரின் முள்ளைப் பேசிப் பேசியே இறக்கியவள் என்று பெயர் வாங்கியவள். டெல்லிபாபுவுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் உள்ளே வந்த பிறகு பிறந்த பெண் குழந்தை இப்போது தவழ ஆரம்பித்திருந்தது. அதை அவன் இன்னும் கையில் வாங்கவில்லை.

"எத்திராஜ் அண்ணன் மறுபடியும் கூப்ட்டு வுட்டாரு மேடம்," என்றான் டெல்லிபாபு குரலைத் தாழ்த்தி.

"அந்த ஆள் பக்கம் தலை வச்சும் படுக்காதே. உன்னை யார் தயவும் இல்லாம வெளியே அனுப்புறது என் பொறுப்பு."

எத்திராஜ் ஒரு காலத்தில் பாதி ஊரைக் கைக்குள் வைத்திருந்த ரவுடி. அவன் முள் எப்போதும் பூஜ்யத்திலேயே இருக்கும். வெறுக்க ஆள் யாரும் மிச்சமில்லை. பழைய வழக்கொன்றில் ஆயுள் தண்டனை என்பதால் உள்ளேயே கிடந்தான். முன்மாதிரிக் கைதி என்று பட்டம் கொடுத்து, டீ வண்டி தள்ளும் வேலையையும் கொடுத்திருந்தார்கள். நிலையம் முழுக்க அவன் போகாத இடமில்லை.

அன்று சாயங்காலம் மூன்றாம் கொட்டடியில் ஏசுபாதம் என்பவனுக்குப் பிரியாணி வந்தது. கொருக்கைமேட்டில் இது வழக்கம். விடுதலை ஆகப்போகிறவனுக்கு வெளியிலிருந்து பிரியாணி வரும். அவன் அதில் முதல் பங்கைத் தன் தணிப்பாளருக்கு எடுத்து வைப்பான். கோமளவல்லி மறுத்ததே இல்லை. மனிதன் திருந்தினான் என்ற சந்தோஷத்தில் ஒரு வாய் சாப்பிடுவதில் என்ன தப்பு? அன்றும் நின்றபடியே சாப்பிட்டாள். நல்ல சீரகச் சம்பா, கறி பஞ்சாக வெந்திருந்தது. மறுநாள் காலை ஏசுபாதத்தின் முள் பூஜ்யம். மாலை, கைத்தட்டல், புகைப்படம்.

அடுத்த வாரம் பொட்டலம் டெல்லிபாபுவுக்கு வந்தது.

அவள் போனபோது அவன் அதைப் பிரிக்காமல் மூலையில் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன டெல்லி? நாளைக்கு இறங்கிடும்னு உங்க வீட்டுல அவ்வளவு நம்பிக்கையா? காலையிலகூடச் சிவப்புலதானே நின்னுச்சு?"

"வீட்லேர்ந்து வர்ல மேடம்."

"பின்ன?"

அவன் திரும்பிப் பார்த்தான். "சம்பவம் முடிஞ்சா பிரியாணி வரும். உங்குளுக்குத் தெரியாதா? நெஜமாவே தெரியாதா மேடம்? மதியம் பஸ் ஸ்டாண்டுல கொக்க முடிச்சிட்டானுங்க. எத்திராஜ் அண்ணன் ஆளுங்க. நான் கேக்கல. எங்கொழந்த மேல சத்தியமா நான் கேக்கவே இல்ல. இனிமே நான் அவுரு ஆளு, அவ்ளோதான். காலம் பூரா அவுரு சொல்ற எடத்துல நிக்கணும். அவுரு காட்ற ஆள வெட்டணும்."

கோமளவல்லி அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். முள் அடியில் கிடந்தது.

"சேதியக் கேட்டதும் மனசு லேசாயிடுச்சு மேடம்," என்றான் அவன். "அதான் அசிங்கமா கீது. ச்சீ, இன்னா பொழப்பு இது!"

கோமளவல்லி மூலையில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள். காலையில் இறங்கப்போகும் முள்ளுக்கு முந்தின நாளே எப்படிப் பிரியாணி வரும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது யோசித்தாளா? தான் பேசி, தேற்றி, மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்து இறக்கியதாக நினைத்த ஒவ்வொரு முள்ளுக்கும் வெளியே எங்கோ ஒருவன் துண்டு துண்டாகக் கிடந்திருக்கிறான். அந்தச் சாவுக்கு வந்த விருந்தில் முதல் பங்கைக் கைநீட்டி வாங்கித் தின்றிருக்கிறாள். நன்றாயிருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறாள். கொட்டடி வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

வாயைக் கழுவிக்கொண்டு நேரே நிலைய அதிகாரி இளம்பரிதியின் அறைக்குப் போனாள். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வெட்டிய துணுக்குகளைக் காகிதத்தில் கூட்டி மடித்தார்.

"உட்காருங்க கோமளா. இப்பத்தான் உங்களுக்குத் தெரியுமா?"

"சார்!"

"முன்னாடி நடுத்தெருவுல ஸ்கூல் பசங்க கண்ணெதிர்ல வெட்டிக்கிட்டானுங்க. கலவரம், கடையடைப்பு, வேன் எரிப்பு. இப்ப அதெல்லாம் இருக்கா? ஒருத்தன் சாவான், ஒருத்தன் இறங்கிப் போவான். கணக்கு நேராயிடும். சாகுறவன் மட்டும் யாரு, உத்தமனா?"

"டெல்லிபாபு கிரேன் ஓட்டிட்டு இருந்தவன் சார். நாளைக்கு நீங்க அவனுக்குப் போடப்போறது மாலை இல்ல. எத்திராஜோட கயிறு. அவனை நாம சாட்சியாக்கிப் பாதுகாப்புல வைக்கணும். நான் எழுதித் தர்றேன், நீங்க கையெழுத்துப் போடுங்க."

"முள் இறங்கினவனை ஒரு நிமிஷம் கூட வச்சிருக்கச் சட்டத்துல இடமில்ல. காத்தால வரைக்கும்கூட வேணாம், இறங்கிட்டான்னு நீங்களே சொல்றீங்களே, இப்பவே அனுப்பிடலாம்." அவர் மணியடித்தார். "நல்ல பேரு உங்களுக்குத்தான் வரப்போகுது. அனுபவிங்க."

சன்னல் வழியாக அவள் பார்த்தாள். வெளிவாசலில் கறுப்பு வண்டி ஒன்று ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. இரண்டு காவலர்கள் டெல்லிபாபுவின் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டுக் கைதட்டினார்கள். அவன் பெண்டாட்டி குழந்தையோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளையும் எத்திராஜின் ஆட்களேதான் போய் அழைத்து வந்திருக்க வேண்டும். டெல்லிபாபு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான். பின்னால் இளம்பரிதி யாருடனோ தொலைபேசியில் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

கோமளவல்லி பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் வஞ்சமானி கட்டுவது விதி, ஊழியர்களும் விலக்கில்லை. அவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். காவலர் பொன்னம்பலம் கட்டினார், பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"மேடம்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "சிவப்பு."

"தெரியும்."

"உங்களப் போய்... சட்டம் மேடம். நான் என்ன செய்யட்டும்? இந்த ரூம்ல செத்த உக்காருங்க. இறங்கினதும் போயிடலாம். இல்லேன்னா பொம்பளைங்க கொட்டடிக்குத்தான் எழுதணும்."

அவள் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்து பார்த்தாள். இளம்பரிதியின் சிரிப்புதான் காதில் கேட்டது. ஒரு மயிரளவுகூட முள் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் விற்ற தன் வித்தை வெறும் பம்மாத்து என்று அவளுக்கு உறைத்தது.

டீ வண்டியின் சத்தம் கேட்டது. எத்திராஜ் உள்ளே வந்து ஒரு தம்ளரை அவள் பக்கத்தில் வைத்தான். நரைத்த தலை, நெற்றியில் விபூதி, பார்த்தால் கோயில் குருக்களுக்கு உதவியாள் என்பார்கள்.

"சக்கர கம்மியாத்தான் போட்டுக்கீறேன் மேடம். இன்னாத்துக்கு இந்த வஞ்சம் உங்குளுக்கு? யாரு மேல?"

"போய்யா அந்தப் பக்கம்."

"ஐயா மேலதானே?"

முள் துள்ளியது. அவள் இன்னொரு கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கு ஏம்மா கொட்டடிக்குப் போய்க் கஷ்டப்படணும்? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பேருகூட சொல்ல வேணாம். வெள்ளிக்கெழம சாயங்காலம் ஐயா தனியா கடக்கரைக்கு நடக்கப் போவாரு. பசங்க பாத்துக்குவாங்க."

"வேணாம்!" என்று கத்தினாள் கோமளவல்லி. "வேணாம், எனக்கு வேணாம், கேக்குதா? நான் எல்லாத்தையும் வெளியில சொல்லுவேன்!"

சத்தம் கேட்டுப் பொன்னம்பலம் ஓடிவந்தார். பதறிப்போய் அவள் கையை விலக்கி வஞ்சமானியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! இறங்கிருச்சு மேடம். நீங்க வீட்டுக்குப் போலாம்."

அவள் குனிந்து பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று இன்னும் வாய் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முள் கோட்டுக்கு அடியில் அசையாமல் நின்றது. எத்திராஜும் அதை ஒருமுறை எட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.