பதினேழாம் எண் முத்திரை

அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடா பிரிக்கப்படவே இல்லை. ஜியாரோங் அதை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பட்டறையிலிருந்து கடல் தாண்டிப் போன பெட்டி அது. கைப்பிடி ஆடுகிறது என்று புகார் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அனுப்பிய அன்று ஒட்டிய நாடா ஒரு சுருக்கம்கூட விழாமல் அப்படியே இருந்தது. திறந்தே பார்க்காத ஆளுக்குக் கைப்பிடி ஆடுவது எப்படித் தெரியும்?

"வேல வெட்டி இல்லாதவன் எவனாச்சும் இருப்பான், அக்கா," என்றான் பான் ஜூ. பட்டறையில் கைப்பிடிகளுக்கு நூல் சுற்றுபவன். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெட்டி ஆரஞ்சும் பின்னால் உப்புப் போட்டுக் காயவைத்த பன்றித் தொடையும் கட்டிக்கொண்டு, சீனப் புத்தாண்டுக்கு ஊர் போகத் தயாராக நின்றான். "உலைய மூடிச் செவப்புத் தாளே ஒட்டியாச்சு. இன்னிக்கு இருட்டுனப்புறம் உறையில இருந்து கத்திய உருவக் கூடாது. இப்பப் போயி இத நோண்டணுமா? பேசாம எங்க வீட்டுக்கு வாங்க. எங்கம்மா உங்களுக்கும் சேத்துத்தான் ஒல வச்சிருக்கும்."

"வந்தா உனக்குப் பொண்ணு தேடற வேலையையும் என் தலையில கட்டுவாங்க. இருபத்திரெண்டு வருஷமா கோணலான கத்தியைத் தள்ளி வைக்கிறவ நான். உன்னைப் பாத்துட்டு எப்படிடா ‘குறை இல்லை’ன்னு சொல்றது? போ, மழை பிடிக்கறதுக்குள்ள போய்ச் சேரு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஸ்கூட்டரின் சத்தம் ஆற்றங்கரைச் சாலையில் தேய்ந்து, பாலத்தில் ஏறி, மறுகரையில் யாரோ கொளுத்திய பட்டாசுச் சரத்துக்குள் கரைந்தது. அதன்பின் தகரக் கூரைமேல் விழும் தூறல் மட்டும்தான். இன்று மாலைக்குள் லோங்ச்சுவான் ஊரில் எல்லாரும் யாராவது ஒருவருடைய சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் கூடத்தில், அணைந்த உலையின் கரிவாடைக்கும் எந்திர எண்ணெய் வாடைக்கும் தொட்டியில் ஊறும் வைக்கோல் பாய்களின் புளித்த வாடைக்கும் நடுவே அவள் மட்டும் நின்றாள். மணி இரண்டரை.

கைப்பேசி அடித்தது. முதலாளி ஷி தெலின்.

"பெட்டி வந்திருச்சா, அக்கா?"

"வந்திருச்சு. நாடாவே பிரிக்கல, முதலாளி."

"அத விடுங்க. அஞ்சு மணிக்குள்ள பதில் போகலைன்னா நெட்டுல விக்கிற தளத்துல நம்ம கடையவே மூடிருவானுங்க. எப்பவும் பாக்கற மாதிரி பாத்து, கடைசியா பாய் வெட்டறத வீடியோ எடுத்து அனுப்புங்க. குறை நம்ம பக்கம் இல்லைன்னு சீட்டுல எழுதிருங்க."

"இருந்துச்சுன்னா?"

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தின. எண்ணெயில் எதுவோ பொரிந்தது. "இருந்துச்சுன்னா, முத்திரை வச்சவங்கதான் பதில் சொல்லணும். பதினேழு உங்க நம்பர்தானே? மேல இருக்கற ரூமைக் காலி பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. என் மச்சான் சொல்லுவான். பாத்து எழுதுங்க. நல்ல நாளும் அதுவுமா என்னைப் பேச வைக்காதீங்க."

அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை. கணவன் யூன்ஷெங் போன பிறகு, காலையில் இறங்கி வந்தால் கத்திகள், மாலையில் ஏறிப் போனால் சுவர் என்று நாட்கள் ஓடின. ஆனாலும் அது அவளுடைய சுவர்.

இந்தப் பட்டறையில் அடிப்பவை ஜப்பான் பாணிக் கத்திகள், இரண்டு கையாலும் பிடித்து வீசும் நீள வாள்கள். அசல் ஜப்பான் கத்தியின் விலையைக் கேட்டாலே மயங்கி விழுகிறவர்கள் வாங்குவது. தூர தேசத்தில் வீட்டுப் பின்கட்டில் நின்று, நனைத்த பாயை வெட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். மலிவான கத்தி கொஞ்சம் கோணலாக இருந்தால் யாரும் சாவதில்லை. சாவு இருப்பது கைப்பிடிக்குள். கத்தியின் காம்பு மரப்பிடிக்குள் இறங்கி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்கே அடித்த ஒரே ஒரு மூங்கில் ஆணி. அது சரியில்லை என்றால், ஓங்கி வீசும்போது பிடி கையில் நிற்கும், கத்தி பறந்துவிடும். எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. அதனால்தான் ஒவ்வொன்றும் அவள் கைக்கு வந்து, அவள் தட்டி, ஆட்டி, வெட்டிப் பார்த்த பிறகு சீட்டில் சிவப்பு முத்திரை விழும். சீட்டு பெட்டிக்குள் போகும்.

அந்தப் பதினோரு நாள் மட்டும் அப்படி நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் யூன்ஷெங் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் இருநூறு வெற்றுச் சீட்டுகளில் முத்திரையைக் குத்திக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அவசரத்துக்கு இந்த ஊரில் எல்லாப் பட்டறையிலும் செய்கிறதுதான். யாரும் அதைத் தப்பாகக்கூட நினைப்பதில்லை. கத்திகள் போயின. அவனும் போனான். அந்த இருநூறில் ஒன்று எங்காவது யார் வீட்டிலாவது கழன்றிருக்குமோ என்ற பயத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

நாடாவை அறுத்தாள். துணிப்பைக்கு மேல் சீட்டு கிடந்தது. சிவப்பு வட்டம், பதினேழு. தேதி அந்தப் பதினோரு நாளில் ஆறாவது நாள். சீட்டை எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலால் அன்னிய எழுத்து, குழந்தைக்குச் சொல்லித் தருவதற்காக எழுதியது மாதிரி நிதானமாக. கைப்பேசியைக் காட்டினாள், அது மொழிபெயர்த்துக் கொடுத்தது.

‘கைப்பிடி ஆடுகிறது. பணம் வேண்டாம். வீட்டில் இப்போது யாரும் இல்லை. இதைப் பார்த்து முத்திரை வைத்தவர் ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்கட்டும்.’

நாடா பிரிக்காத பெட்டிக்குள் இது எப்படி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். வேலையைப் பார்த்தால் பயம் போய்விடும். எப்போதும் போயிருக்கிறது.

உறையிலிருந்து உருவினாள். நேர் பார்த்தாள், கோணல் இல்லை. கூர் விளிம்பை ஒட்டி ஓடும் வெண்கோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மலிவுக் கத்தியில் அமிலம் தடவித்தான் அந்தக் கோட்டை வரவழைப்பார்கள், தேய்த்தால் மங்கும். இது மங்கவில்லை, உள்ளிருந்தே பனி மூட்டமாகப் படர்ந்திருந்தது. உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்தாள், நழுவவில்லை. மறுபடி உருவி, பித்தளைச் சுத்தியால் முதுகைத் தட்டினாள். நாதம் எழுந்து, கூடத்தைச் சுற்றி, தூறலையும் தாண்டி, இன்னும் முடியவில்லையா என்று அவளே எண்ணும் அளவுக்கு நின்றது. எங்கள் பட்டறையில் இப்படி ஒன்று எப்போது அடித்தோம்? பயத்தின் நடுவிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாகக் கைப்பிடியைக் காதருகே வைத்து ஆட்டினாள்.

டிக்.

மறுபடி ஆட்டினாள். டிக். சின்னச் சத்தம், காய்ந்த விதை ஓட்டுக்குள் உருளும் சத்தம். ஆனால் பிடி ஆடினால் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கையில் ஒரு அசைவும் இல்லை. சத்தம் பிடியிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது, மிகப் பக்கத்தில். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வரிசையாகச் சிவப்புத் தாள் ஒட்டிய பட்டடைகள், கொக்கியில் தொங்கும் தோல் ஏப்ரன்கள். யாரும் இல்லை.

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினாள். காம்பு முழு நீளம், முழு அகலம். மரம் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. ஆணி நன்றாகப் புகையேற்றிய மூங்கில். குறையே இல்லை. திரும்பப் பூட்டி ஆணியைச் சுத்தியால் உள்ளே தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வலது மணிக்கட்டில் வலித்தது. மூன்றாவது தட்டில் மேசைமேல் எதுவோ விழுந்து உருண்டது.

ஒரு சின்ன ஆணி. அரை விரல் நீளம், இரண்டு பக்கமும் மழுங்கலாக, எலும்பு மாதிரி மஞ்சள் பாரித்த வெள்ளை. மூங்கில் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். பல் வைத்தியர் ராவும்போது வாயிலிருந்து எழும் வாடை. கத்தியின் ஆணித்துளையில் வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. இது எங்கிருந்து விழுந்தது? மேசையில் வேறு எதுவும் இல்லை. அவளும் கத்தியும் மட்டும். கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

சீட்டுக் கட்டிலிருந்து புதிய சீட்டை எடுத்தாள். மணி நாலரை. வெளிச்சம் தரையிலிருந்து விலகிச் சன்னல் அருகே ஒதுங்கிக்கொண்டிருந்தது. ‘இந்தக் கத்தியை நான் அன்று பார்க்கவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த மனிதன் கேட்பதும் அவ்வளவுதானோ என்னவோ. பேனா முனை தாளைத் தொட்டது. மாடி அறை நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கட்டில். இந்தக் குளிரில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

‘குறை இல்லை’ என்று எழுதினாள். பாய் வெட்டும் சோதனை பாக்கி. இருட்டிவிட்டால் கத்தியைத் தொட முடியாது. ஒரே ஒரு வெட்டு, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, முதலிலேயே குத்திவிட்டாள்.

இடது மணிக்கட்டில் வலித்தது. காலடியில் எதுவோ விழுந்தது. டிக்.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

கைப்பேசியைத் தாங்கியில் வைத்துப் படம் பிடிக்க விட்டாள். ஊறிய பாய்ச் சுருளைத் தூக்கிக் கம்பில் குத்தினாள். தண்ணீர் சொட்டியது. விரல்கள் சில்லென்று, வேறு யாருடைய விரல்களோ என்று இருந்தன. வலது கை முன்னால். இடது கை பின்னால். பிடித்தாள். பிடி இறுகியது. நல்ல பிடி. இவ்வளவு நல்ல பிடி இதுவரை அமைந்ததில்லை.

ஓங்கினாள்.

வீசினாள்.

காற்று கிழிந்தது. கைகள் லேசாகிவிட்டன. கத்தி பறந்துவிட்டது என்று தெரிந்தது. சீட்டில் எழுதியவன் சொன்னது நிஜம், ஆடத்தான் ஆடியிருக்கிறது. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கையில் மிஞ்சிய வெறும் பிடியைக் குனிந்து பார்த்தாள்.

பிடி இல்லை.

கை இல்லை.

சட்டைக் கை முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் அவள் முடிந்திருந்தாள். ரத்தம் இல்லை. வலி இல்லை. இழைத்த மரத்தின் வழவழப்பு. நடுவில் தட்டையான நீளத் துளை, காம்பு இறங்குகிற அளவுக்கு. குறுக்கே, கிண்ணத்தில் கிடக்கும் ஆணியின் பருமனுக்கு, வட்டமாக ஆணித்துளை. காலி.

அலறினாள். கூடம் அதை வாங்கிக்கொண்டது. ஆற்றுக்கு அப்பால் வீட்டுக்கு வீடு சரம் சரமாகப் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள். தாங்கியில் கைப்பேசி அடித்தது. முதலாளி. அடித்தது. அடித்து ஓய்ந்தது.

கத்தி எதிரே பாயில் பாதி இறங்கி நின்றது. பிடியை இரண்டு கைகள் பற்றியிருந்தன. வலது முன்னால், இடது பின்னால். கட்டை விரலில் அவளுடைய தீக்காயத் தழும்பு. சுற்றிய நூல் ஒரு இழைகூட விலகவில்லை. பிடி ஆடவே இல்லை.

பின்னால் இருந்த கையின் சுண்டுவிரல் அசைந்தது. நீண்டது. மறுபடி மடங்கி இறுகியது.

கத்தி பாயிலிருந்து மெல்ல வெளியே வந்தது. வைக்கோல் தண்ணீர் சொட்டியது. உயர்ந்தது. அவள் கண்மட்டத்துக்கு வந்ததும் திரும்பியது. நின்றது.

முனைக்கு நேர் எதிரே நின்று பார்த்தால், கோணல் இல்லாத கத்தி வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அவளுக்குப் புள்ளிதான் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.