காலிக் கட்டிலின் எடை

யாரும் படுக்காத கட்டில் எட்டு கிலோ காட்டியது.

குழந்தைகள் அவசரப் பிரிவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். அப்போதுதான் டாக்டர் அதைக் கவனித்தாள். கட்டிலுக்கு அடியிலேயே தராசு இருந்தது; குழந்தையைக் கிடத்தினால் போதும், எடை தலைமாட்டுத் திரைக்குப் போய்விடும், எந்த மருந்து எவ்வளவு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அது கணக்குப் போட்டு வாய்விட்டும் சொல்லிவிடும். ஓயாமல் ஏவிக்கொண்டே இருப்பதால் நர்ஸுகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் தலையணையை எடுத்துப் பார்த்தாள். விரிப்பை உருவி உதறிப் போட்டாள். பூஜ்யப் பொத்தானை அழுத்தினாள். எண் பூஜ்யத்துக்கு இறங்கி, யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்று, மெல்ல மறுபடி எட்டுக்கு ஏறியது. ஏறியும் சும்மா இருக்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் வயிறுபோல ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம்.

"என்ன டாக்டர், மாமியார் முரண்டு பிடிக்கிறாங்களா?" வாசலில் இருந்து பெரிய நர்ஸ் அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழுது என்று ஒரு அட்டையை மாட்டியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டுவது? இந்தக் கருவி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவளே அவள்தான். அக்கா முணுமுணுத்தபோது, "பதற்றத்துல யாருக்கும் மூளை ஓடாதுக்கா, கண்ணை நம்பாதீங்க, கணக்கை நம்புங்க" என்று எல்லார் முன்னாலும் வாயை அடைத்தவள். மற்ற வார்டுகளுக்கும் இதை வாங்கலாமா என்று பார்க்க நிர்வாகத்தினர் சாயங்காலம் வருகிறார்கள். இந்த நேரத்தில் போய், காலிக் கட்டிலில் என்னவோ படுத்திருக்கிறது என்றா சொல்ல முடியும்?

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் நெடிக்கு அடியில், கக்கிய பால் துணியில் காய்ந்து போனால் வருமே, அந்தப் புளித்த வாடை லேசாக அடித்தது. இப்போதுதான் இழுத்து விரித்த விரிப்பின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. கையால் தடவி நிரவினாள். அந்த இடம் கதகதப்பாக இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. ஒரு தாய், தோளில் ஒரு பையனோடு ஓடி வந்தாள். அவன் கண் மேலே செருகியிருந்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"நிக்கவே மாட்டேங்குது டாக்டர். எவ்வளவு நேரமா இழுக்குது."

அக்கா பையனை வாங்கி, பக்கத்தில் இருந்த அந்தக் கட்டிலிலேயே கிடத்தினாள். வேற கட்டில்ல போடுங்க என்று சொல்ல டாக்டர் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

"எடை பதினெட்டு கிலோ," என்றது மாமியாரின் பதமான குரல். மருந்தின் அளவையும் சொன்னது.

அக்கா பையனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "பதினெட்டா? இந்தப் பிள்ளையா?"

"போன வாரம் தடுப்பூசி போட்டப்போ பத்துதான் இருந்தான்," என்றாள் தாய்.

"பத்து கிலோன்னா மருந்து எவ்வளவு டாக்டர்?" அக்கா ரகசியம்போலத்தான் கேட்டாள்.

ஒரு காலத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இப்போது வாய்ப்பாடு மறந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விழித்தாள். காது மடல்வரை சுட்டது. சரி, திரையில் பத்து என்று கையால் மாற்றலாம், ஒரு விரல் வேலை. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

"கணக்கு சொல்றதையே போடுங்கக்கா."

மருந்து ஏறியது. முழுசாக.

வலிப்பு தளர்ந்தது. கால் நின்றது. கை நின்றது. இவ்வளவு மருந்துக்கு இனி மூச்சும் நிற்கும். தெரிந்தேதான் போடச் சொன்னாள். காற்றூதும் பையையும் முகமூடியையும் எடுத்தாள். காத்திருந்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

சீராக வந்தது. அளவாக மருந்து கொடுத்த பிள்ளைக்கு வருவதுபோல. அப்படியானால் மீதி மருந்து யார் உடம்புக்குள் போனது?

ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். பையனின் இதயம். வேகமாக. அதற்குப் பின்னால் இன்னொன்று. மெதுவாக. சொக்கிப் போன மாதிரி.

"பொழைச்சிட்டானா டாக்டர்?"

"பொழைச்சிட்டான்மா."

தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது டாக்டருக்கு.

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் டாக்டர்," என்றாள் அக்கா. அதைக் கேட்ட பிறகு டாக்டரால் தலை நிமிர முடியவில்லை.

வார்டுக்குக் கொண்டுபோக தள்ளுவண்டி வந்தது. தாய் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நானே தூக்கிட்டு வர்றேன்" என்று பையனை வாரி எடுத்தாள். திரையில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. இந்த முறை எட்டுக்கு ஏறவில்லை.

தாய் ஒரு அடி வைத்துத் தள்ளாடினாள். "என்ன டாக்டர் இப்படிக் கனக்கிறான்? வரும்போது இவ்வளவு கனம் இல்லையே."

சொல்லலாம். இப்போதாவது. அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"தூங்குற பிள்ளை கனமாத்தான்மா இருக்கும்."

தாய் தலையாட்டிவிட்டு நடந்தாள். டாக்டர் வாசலில் நின்று பார்த்தாள். பையன் தாயின் இடது தோளில் கன்னம் புதைத்து, கை இரண்டும் தொங்க, அசந்து தூங்கினான். வலது தோளில் யாரும் இல்லை. அங்கே சட்டைத் துணி மட்டும் சின்னதாய் ஒரு பிடிக்குள் கசங்கி, கீழே இழுபட்டிருந்தது. தாயின் வலது கை, அவள் அறியாமலே, அந்த வெற்றிடத்தைத் தட்டித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டு போனது.