பழுக்கும் அறையின் வாசம்

"என்னங்க, வாசம் வந்திருச்சா?"

"வந்திருச்சு சுசி. தேனாட்டம் வருது."

நேற்றுக் காலை மாம்பழக் கிடங்கின் வாசலில் கணவனோடு பேசிய அந்த இரண்டு வரிகளையே, ஓசூர் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து சுசித்ரா மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பேசிய அரை மணி நேரத்தில் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். பழுக்க வைக்கும் அறையின் காற்றைப் புரோமின் நீரில் செலுத்தினார்கள், நிறம் போனது. தடை செய்யப்பட்ட கார்பைட் வாயு என்று எழுதி, நாகரசம்பட்டிக் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். உரிமம் சுசித்ராவின் பெயரில் இருந்தது. வழக்கும் அவள் பெயரில்தான்.

மறுசோதனைக்காக அதிகாரிகள் அந்த அறையில் பிடித்துக் கொடுத்துப்போன ஒரு பை காற்றைக் கணவன் ஆனந்தராஜ் மடியில் வைத்திருந்தான். "நாங்க எத்திலின் சிலிண்டர்தாங்க மேடம் வெக்கிறது. சட்டப்படிதான் எல்லாம்."

கூடத்தை நடத்தும் ஜோதிமணி தலையசைத்தாள். அவளுடைய உதவியாளர் சுபாஷ் புரோமின் குப்பியைத் திறந்தார். நெடி தாங்காமல் அவரே மூக்கைப் பொத்தினார். ஆனந்தராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுசித்ரா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜோதிமணி அவளைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

பையின் காற்று உள்ளே இறங்க, புரோமின் நீரின் செம்பழுப்பு வெளுத்தது.

"இதை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது மேடம்!" சுபாஷ் துள்ளினார். "எத்திலின்லயும் வெளுக்கும், கார்பைட்ல வர்ற அசிட்டிலின்லயும் வெளுக்கும். கேஸ் நிக்காது!"

"குதிச்சுக் குதிச்சுக் குழாயை ஒடைச்சுராத. அம்மோனியா கலந்த செம்புக் கரைசலை எடு. எத்திலின் அதை ஒண்ணும் செய்யாது. அசிட்டிலின்னா செவக்கும்."

நிறமற்ற கரைசலில் குமிழ்கள் ஏறின. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. சுசித்ரா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, குழாயின் அடியில் செங்கல் பொடிபோலச் சிவப்பு படிந்தது.

"எதிர்க் கிடங்கு நாராயணப்பன் ஆளுங்க வெச்சிருப்பாங்க!" ஆனந்தராஜ் எழுந்துவிட்டான்.

"சாவி யார்கிட்ட?" என்றாள் ஜோதிமணி.

"எங்கிட்டதான்."

"தினமும் உள்ள போவீங்களா?"

"காலையில, சாயந்திரம், ரெண்டு வேளையும்."

"கார்பைட் வெச்ச ரூம் பூண்டு நாத்தம் அடிக்கும் தம்பி. வாசல்லயே தெரிஞ்சுரும்." ஜோதிமணி சுசித்ராவிடம் திரும்பினாள். "புரோமின் நெடிக்கே நீ மூக்கைச் சுளிக்கல. உனக்கு மூக்குல வாசனை தெரியாதில்லம்மா?"

"கொரோனா வந்ததுல இருந்து தெரியாதுங்க. குழம்பு தீஞ்சாக்கூட இவருதான் சொல்வாரு. நேத்துகூட..." அவள் கை மெல்ல விலகியது. "தேனாட்டம் வருதுன்னு சொன்னீங்களே?"

ஆனந்தராஜ் தரையைப் பார்த்தான். "சிலிண்டர் வரல. பெங்களூர் லாரி காத்துக்கிட்டு நின்னுது. ஒரே ஒரு தடவதான் சுசி."

"அப்ப இந்த அம்மா மேல தப்பில்லையே மேடம்?" என்றார் சுபாஷ்.

"உரிமம் யார் பேர்ல இருக்கோ, அவங்கதான் பதில் சொல்லணும்." ஜோதிமணி அந்தச் சிவப்பின்மேல் தண்ணீர் ஊற்றினாள். "இதைக் காய விடாத. காய்ஞ்சா வெடிக்கும்."

உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று பருவங்களாக, அவன் முகம் வாடிவிடுமே என்று விழுங்கி வைத்திருந்ததைச் சுசித்ரா இப்போது கேட்டாள்.

"என்னங்க... லைசன்ஸ்ல இருந்து என் பேரை எடுத்துருங்க."