முத்திரையில்லாத ரீமிக்ஸ்

“அம்மா, மழைக்கு எப்படி மணி தெரியும்?”

நான்கு வயதில் மகள் மையாரா கேட்ட கேள்வி. பெலெம் நகரில் மதியம் இரண்டரைக்கு மழை வந்துவிடும். சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் மனிதர்கள்தாம். “கடவுள் சொல்லி அனுப்புறாரு” என்று அன்று சமாளித்தாள் இரசேமா.

செவ்வாய், பிற்பகல் 3.40. மழை விட்டிருந்தது. இரசேமாவின் சூப் கடைக்கு எதிரே, ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் நின்ற நாட்சனின் பழைய கார் கிளம்பிப் போனது. இரசேமாவின் பூனை தெருவில் காய்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

வியாழன், காலை 9.40. இரசேமா சூப் கடையைத் திறக்குமுன்பே எதிரிலிருந்த எடிவால்டோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூச்சல். சனிக்கிழமை நடனத்தில் முதன்முதலாக ஒலிக்கவேண்டிய ரீமிக்ஸ், பென்டிரைவ் விற்கும் தெரு வியாபாரிகளிடம் போய்விட்டது. போட்டியாக நடன மேடை நடத்துகிறவர்கள் நேற்றே அதைப் போட்டு ஆடியும்விட்டார்கள்.

யாருக்குப் பாட்டுக் கொடுத்தாலும் அவர்கள் பெயரை நடுவே குரலில் பதித்துத்தான் எடிவால்டோ கொடுப்பான். அந்த முத்திரை இதில் இல்லை.

“பேர் போடாத பிரதி என்கிட்டயும் ஜனாயினாகிட்டயுந்தான் இருக்கு. கூடத்துச் சாவியை வச்சிட்டுப் போம்மா!” என்று கத்தினான் எடிவால்டோ.

பாட்டை வெட்டி ஒட்டும் ஜனாயினா வாசலில் அழுதுகொண்டு நின்றாள். திருடி என்ற பெயரோடு போனால் வேறெந்தக் கூடமும் அவளைச் சேர்க்காது.

இரசேமாவுக்கு மனம் பொறுக்கவில்லை. போன வருடம், பள்ளி வாசலில் நனைந்து நின்ற மையாராவிடம் தன் மஞ்சள் குடையைக் கொடுத்துவிட்டு மழையிலேயே நடந்து போனவள் இந்தப் பெண். கம்பி முறிந்த அந்தக் குடை இன்னும் திரும்பிப் போகவில்லை.

தெருமுனையிலிருந்த வியாபாரியிடம் பாட்டைப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். பிறகு பென்டிரைவை வாங்கிக்கொண்டு நேரே கூடத்துக்குள் போனாள்.

“தம்பி, இதை இங்க சத்தமா எத்தனை தடவை போட்டீங்க?”

“ஒரே தடவை. செவ்வாக்கிழமை, மழையப்போ. உள்ரூம்ல நான் மட்டுந்தான்.”

“ஜனாயினா?”

“மழைக்கு முன்னாடியே போயிட்டா.”

கீபோர்டு வாசிக்கும் நாட்சன் சிரித்தான். “அக்கா, சூப்புல இறாலைக் காணோம்னு நேத்து ஒருத்தர் கத்தினாரே, முதல்ல அந்தக் கேஸை முடிங்க.”

“முடிக்கிறேன். நீ அன்னிக்கு எப்ப வந்த?”

“மழை விட்டப்புறம். அஞ்சே நிமிஷம் இருந்தேன்.”

அவள் பென்டிரைவை நீட்டினாள். எடிவால்டோ ஓடவிட்டான். தாளம் ஓய்ந்த இடத்தில் சடசடவென்று ஓர் ஓசை.

“கிலுகிலுப்பை” என்றான் நாட்சன்.

“நான் கிலுகிலுப்பையே சேர்க்கலையே!” எடிவால்டோ தன் பிரதியைப் போட்டான். அந்த இடத்தில் வெறும் அமைதி. “சத்தம் மங்கலா இருந்துச்சு. தெருச் சரக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன்.”

“அது உங்க தகரக் கூரையில விழுந்த மழை, தம்பி. கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்திருந்தா மழை எப்படி வரும்? மழை பெய்யறப்போ முன்ரூம்ல உக்காந்து யாரோ போன்ல பதிஞ்சிருக்காங்க.”

“நான் அப்போ இல்லவே இல்ல” என்றான் நாட்சன். அவனை யாரும் கேட்கவில்லை.

“உன் கார் இருந்துச்சேப்பா. நீ கிளம்பினதும் தெரு பூரா ஈரம்; கார் நின்ன இடம் மட்டும் காஞ்சு கிடந்துச்சு. என் பூனை அதுலதான் போய்ப் படுத்துச்சு. மழை விட்டு வந்த காருக்கடியில தரை எப்படிக் காயும்?”

நாட்சன் கீபோர்டின் சுவிட்சை அணைத்தான்.

“எட்டு வருஷமா வாசிக்கிறேன். ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் பாட்டுல வருது. என் பேர் ஒரு தடவை வந்திருக்கா? போட்டி மேடைக்காரங்க போடறேன்னாங்க.”

“கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனேடா.”

“கேட்டாத்தான் போடணுமா, தம்பி?” என்றாள் இரசேமா, மெதுவாக. “அதுக்காக அந்தப் பொண்ணை அழ விடலாமா, நாட்சன்?”

எடிவால்டோ சாவியை ஜனாயினாவின் கையில் திரும்ப வைத்தான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

வெள்ளி, பிற்பகல் 2.25. வானம் கறுத்துவிட்டது. கூடத்தில் அனைவரும் உள்ரூமில் இருந்தார்கள், முன்ரூமில் ஆளில்லை. புதுக் கம்பி போட்ட மஞ்சள் குடையை, ஜனாயினாவின் பை தொங்கும் ஆணியில் இரசேமா மாட்டினாள். அவள் தெருவைத் தாண்டவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.