அணைத்துப் பார்

சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் புதிதாக வாசிப்பு அறை கட்டினார்கள். சுவர் இருந்தது. அலமாரி இருந்தது. விளக்குதான் இல்லை.

"நாங்களே ஒயரிங் பண்ணித் தர்றோம் சார்" என்று வெண்மதி போய்க் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவில் மின்வேலை படிப்பவள். கூடப் படிக்கும் சித்தார்த் அவளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

தலைமையாசிரியர் சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளைங்ககிட்ட கரண்டு வேலையா? என் ரூமுக்குக் கடலூர்லேருந்து ஆளு வந்து செஞ்சாரு. எட்டு வருஷமா ஒரு குறை இல்ல. பல்பு போனா சுவிட்சை அணைச்சிட்டு நானே மாத்திக்கிறேன்."

"எங்க வேலையைப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

"சரி, வெள்ளிக்கிழமை ஒரு பலகையில செஞ்சு காட்டுங்க. தப்பா இருந்தா கடலூர் ஆளைத்தான் கூப்பிடுவேன்."

வெண்மதிக்கு அந்த அறை வேண்டும். நாளைக்கு வேலை கேட்டுப் போனால், "இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பலகையில் பல்பு எரியவிட்டேன் என்று எத்தனை நாள் சொல்வது?

வெள்ளிக்கிழமை சித்தார்த் ஒயர்களை இணைத்து முடித்தான். பலகைக்குக் குங்குமப் பொட்டும் வைத்தான்.

"பொட்டு வச்சா கரண்டு ஜாஸ்தி வருமா?"

"கிண்டல் பண்ணாத. எங்கப்பா புது பைக்குக்கு எலுமிச்சம்பழமே வச்சாரு."

பல்பு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டர் எரியக் கூடாது. ஆனால் அன்று தலைமையாசிரியர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்.

சித்தார்த் சுவிட்சைப் போட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது. அணைத்தான். அணைந்தது.

"பரவாயில்லையே! அறையை எடுத்துக்குங்க" என்று அவர் கிளம்பினார்.

சித்தார்த் குதித்தான். வெண்மதி வழக்கப்படி பல்பைக் கழற்றி டெஸ்டரை வைத்தாள். அது சிவப்பாக எரிந்தது.

சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். அணைத்துதான் இருந்தது.

"சும்மா இரு. அவரு போவட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று சித்தார்த் கிசுகிசுத்தான்.

"சார், நில்லுங்க! தப்பு பண்ணிட்டோம்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "எரிஞ்சுதே?"

"எரியும் சார். கரண்டு வர்ற ஒயரு ஒண்ணு, திரும்பிப் போற ஒயரு ஒண்ணு. வர்றதுலதான் சுவிட்ச் இருக்கணும். நாங்க போறதுல வச்சிட்டோம். பல்பு அணைஞ்சாலும் ஹோல்டர்வரைக்கும் கரண்டு நிக்குது. கை பட்டா ஷாக் அடிக்கும்."

"தப்பா இருந்தா கடலூர் ஆளுன்னு சொன்னேன்."

"ஆமா சார்." அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர் போகவில்லை. இருவரும் மெயினை அணைத்து ஒயர்களை மாற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி டெஸ்டரை வைத்தார்கள். எரியவில்லை.

"அந்த டெஸ்டரோட என் ரூமுக்கு வாங்க" என்றார்.

அவர் அறையில் சுவிட்ச் அணைத்திருந்தது. சித்தார்த் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். வெண்மதி ஏறி, பல்பைக் கழற்றி, டெஸ்டரை வைத்தாள்.

எரிந்தது.

தலைமையாசிரியர் தன் வலது கை விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

"ஆறு பல்பு மாத்தியிருப்பேன்" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு ஆயுசு கெட்டி சார்" என்றான் சித்தார்த்.

"முதல்ல இந்த ரூமைச் சரி பண்ணுங்க. அப்புறம் வாசிப்பு அறை. ரெண்டும் உங்களுக்குத்தான்."

சித்தார்த் சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தான்.

"டேய்" என்றார் தலைமையாசிரியர். "முதல்ல டெஸ்டரு. அப்புறம் பொட்டு."